பாலம் திறக்கப் போன கத்தரி

அந்தத் தையல் கடையில் யார் எதை வேண்டுமானாலும் தொடலாம். இஸ்திரிப் பெட்டியைத் தொடலாம், மிஷினில் உட்காரலாம், டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாஸ்டர் மாதிரி நடித்துக்கூடக் காட்டலாம். வெட்டும் மேஜை மேல் கிடக்கும் பெரிய கத்தரியை மட்டும் தொடக் கூடாது. தொட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைக்காரரின் சொந்த மனைவியே ஒரு தடவை அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டப் போய், அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அடுத்த வாரம் வரைக்கும் ஓடியது.

தெருவில் டெய்லர் என்றால் அவர் ஒருவர்தான். பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் கடை போட்டிருந்தார்கள். அவர்களை அவர் டெய்லர் என்று ஒப்புக்கொண்டதில்லை. "அவங்க துணியை ஒட்டறாங்க, நான் தைக்கறேன்" என்பார். சட்டை என்றால் தோளில் வந்து உட்கார வேண்டும், தொங்கக் கூடாது. அவர் தைத்த சட்டை உட்கார்ந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

அவருக்கு நாலாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. இடது கைப் பழக்கம்தான் அதற்கு முதல் காரணம். எழுதப் போனால் அடி விழுந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுத் தொழில் கற்கப் போன இடத்திலும் அதே அடிதான். "சோத்தாங்கையால பிடிடா" என்று அந்தக் கடை மாஸ்டர் மர ஸ்கேலால் முட்டியில் போடுவார். வலது கையில் பிடித்தால் துணி கோணிக்கொண்டு போகும். இடது கையில் பிடித்தால் கத்தரி துணியை வெட்டாது, மெல்லும். அடிவாங்கிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பதே அப்போது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

சாணை பிடிக்க வந்த ஒருவர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். "உன் மேல தப்பில்ல, தம்பி. உலகத்துல இருக்கற கத்தரியெல்லாம் வலது கைக்காரன் செஞ்சது. உன் கையில அலகு விலகிக்கும். உனக்கு மாத்தி அடிக்கணும்" என்றார். பட்டறையில் சொல்லி, மேல் அலகைக் கீழாக்கி, கீழ் அலகை மேலாக்கி, கைப்பிடி வளையத்தையும் இவர் கட்டைவிரலுக்குத் தகுந்தபடி திருப்பி, ஒரு கத்தரி செய்துகொடுத்தார். அந்தக் கத்தரி கைக்கு வந்த நாளிலிருந்து டெய்லர் திரும்பிப் பார்க்கவில்லை. தனிக் கடை, சொந்த வீடு, மகனுக்கு எஞ்சினியர் படிப்பு எல்லாம் அதன் வாயிலிருந்து வந்ததுதான். அதனால் அவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு பொருளை என்னுடையது, என்னுடையது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால், அது எதனால் நம்முடையதானது என்பதே ஒரு நாள் மறந்துபோய்விடும். அவருக்கும் அப்படித்தான் ஆனது. நல்ல கத்தரி, உலகத்திலேயே நல்ல கத்தரி என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது. எந்தக் கைக்கு நல்லது என்பது உதிர்ந்துபோயிற்று.

ஊருக்குப் புதுப் பாலம் வந்தபோது அவர் மகன் அந்த வேலையில் இளநிலைப் பொறியாளனாக இருந்தான். மழை பிடித்தால் பழைய தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விடும்; அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் ஊரையே சுற்றிக்கொண்டு போவார்கள். அதனால் பாலம் எல்லோருக்கும் பெரிய விஷயம். டெய்லருக்கோ அது வீட்டு விஷயம்.

"என் பையன் போட்ட பாலம்" என்று அளவு எடுக்கும்போது வாடிக்கையாளரின் கழுத்தில் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொல்வார். ஆமாம் என்று சொல்லாமல் அவர்கள் எப்படி நகர முடியும்?

மகன் காதில் விழுந்தால் நெளிவான். "அப்பா, என்னை மாதிரி அங்க பத்து பேர் இருக்காங்க. நான் சின்ன எஞ்சினியர்."

"கடையில பத்து பேர் உட்காரலாம்டா. துணியை வெட்டறவன் ஒருத்தன்தான்."

திறப்பு விழா நெருங்கியதும் கல்வெட்டை மூடும் திரையைத் தைக்கும் வேலை இந்தக் கடைக்கே வந்தது. கயிற்றை இழுத்தால் பாதியில் சிக்காமல் விலக வேண்டும். டெய்லர் வளையம் வைத்துத் தைத்து, ஜன்னலில் கட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தார். கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் கிழவர், அவருக்குச் சமவயதுக்காரர், வாய் அடங்காதவர், "மாஸ்டர், பாலம் தேயறதுக்கு முன்னால திரை தேஞ்சிடப் போகுது" என்றார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது மகன் மெதுவாக ஒரு செய்தி சொன்னான். தலைமை எஞ்சினியர் அவனைக் கூப்பிட்டு, மேடை, ரிப்பன், கல்வெட்டு எல்லாவற்றையும் அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார். இதை ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் கொடுத்தால், மேலாற்றில் வரப்போகும் அடுத்த பாலத்துக்கு அவனையே பொறுப்பாக அனுப்ப யோசிக்கிறாராம்.

"யார்கிட்டயும் சொல்லிட வேண்டாம்ப்பா. இன்னும் முடிவாகல."

டெய்லர் யாரிடமும் சொல்லவில்லை. தெருவிடம் மட்டும் சொன்னார்.

விழாவுக்கு முதல் நாள் மாலை மகன் ஒரு வெள்ளித் தட்டு, சிவப்பு சாட்டின் ரிப்பன், தங்க நிறப் பிடி போட்ட புதுக் கத்தரி ஆகியவற்றோடு வீட்டுக்கு வந்தான். சைட் ஆபீஸைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அங்கே வைத்தால் தொலைந்துவிடும் என்று பயம். விடிந்ததும் அவன் முன்னால் போய்விடுவான். திரையைக் கொண்டுவரும் அப்பா, தட்டையும் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும்.

டெய்லர் அந்தப் புதுக் கத்தரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குடா, நகம் வெட்டவா?"

"அப்பா, ரிப்பன் வெட்டத்தான். கடையில நல்லா வெட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்."

மிச்ச ரிப்பனில் ஒரு துண்டை எடுத்து அவர் வெட்டிப் பார்த்தார். இடது கையால்தான். அது வெட்டவில்லை. ரிப்பன் மடிந்து, இரண்டு அலகுக்கும் நடுவே நாக்கைப் போலத் துருத்திக்கொண்டு நின்றது. எந்தக் கடையிலும் எந்தப் பையன் இதைச் செய்திருந்தாலும், "கையை மாத்துடா" என்று அடுத்த நொடியே சொல்லியிருப்பார். தன் கை என்று வந்தபோது கத்தரியின் மேல்தான் குற்றம் தெரிந்தது. தன்னுடைய கத்தரியை எடுத்தார். ரிப்பன் தண்ணீராக விலகியது.

"பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்க எதையும் மாத்தாதீங்க. இதையே கொண்டுவாங்க. சரியாப்பா?"

"சரிடா, சரி."

விடிந்தது. மகன் கிளம்பிப் போனதும் டெய்லர் தட்டில் மூடியிருந்த துணியை விலக்கினார். தங்கப் பிடிக் கத்தரியை எடுத்து அலமாரியில் வைத்தார். தன்னுடையதை எண்ணெய் போட்டுத் துடைத்து, தட்டில் வைத்து மூடினார். மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அவன் வேணாம்னு சொன்னானே?"

"அவனுக்கு என்ன தெரியும்? சிமெண்ட்டு தெரியும். மேடையில ரிப்பன் சிக்கிச்சுன்னா யாருக்கு அவமானம்? அவனுக்குத்தான. நான் அப்பன், நான் பார்த்துக்காம யாரு பார்ப்பா?"

அப்படித்தான் சொன்னார். தான் இல்லாமல் அந்தப் பாலம் திறந்துவிடக் கூடாது என்ற ஆசைதான் உள்ளே இருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

போகிற வழியில் வாய் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் நின்றார். "இன்னிக்கு அமைச்சர் கையில எது இருக்கப் போகுதுன்னு பாருங்க" என்று தட்டின் துணியை லேசாகத் தூக்கிக் காட்டினார். சைக்கிள் கடைக்காரருக்குக் காட்டினார். பால்காரரை நிறுத்திக் காட்டினார். கூடவே நடந்த காஜாக்காரர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

"அது உங்க கைக்குன்னே செஞ்சதாச்சே, மாஸ்டர்?"

"நல்ல கத்தரி எவன் கையிலயும் வெட்டும்யா. காஜாவைப் பாரு நீ."

பாலத்தின் இந்தப் பக்க முகப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். புதுத் தாரின் வாசனை. கைப்பிடிச் சுவருக்கு அடித்த வெள்ளை இன்னும் காயாமல், சாய்ந்தவர்களின் முதுகெல்லாம் பூசிக்கொண்டிருந்தது. மகன் ஓடிவந்து தட்டை வாங்கினான். திறந்து பார்க்க நேரமில்லை; அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினான். டெய்லர் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், தெருக்காரர்கள் நடுவே, முதல் வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அமைச்சர் வந்தார். நல்ல உயரம், சிரித்த முகம். மகன் தட்டை நீட்டித் துணியை எடுத்தான். எடுத்த கை அப்படியே ஒரு கணம் நின்றதை டெய்லர் பார்த்தார். கத்தரியின் பெருமையைக் கண்டு பிரமித்துவிட்டான் என்றுதான் நினைத்தார்.

அமைச்சர் கத்தரியை எடுத்தார். வலது கையில்.

கைதட்டல் தயாராக இருந்தது. அலகு மூடியது. ரிப்பன் மடிந்தது. அமைச்சர் மறுபடி அழுத்தினார், மறுபடி மடிந்தது. திருப்பிப் போடப்பட்ட வளையத்துக்குள் அவர் கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை இழுத்து வெட்டியதில் ரிப்பன் கட்டியிருந்த கம்பமே சாய்ந்து வந்தது. கேமராக்காரர்கள் சளைக்காமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டெய்லருக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. சாணைக்காரர், பட்டறை, மாற்றி அடித்த அலகு.

அமைச்சர் நல்ல மனிதர், சிரித்தார். மைக் பக்கத்திலேயே இருந்தது. "இவ்வளவு பெரிய பாலம் கட்டினாங்க, ஒரு கத்தரி வாங்க மறந்துட்டாங்க போல!" என்றார். கூட்டம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் பேனாக்கத்தியால் ரிப்பனை அறுத்துவிட்டார். கைதட்டல் வந்தது. கைதட்டலோடு சிரிப்பும் கலந்தே வந்தது.

தலைமை எஞ்சினியரின் காது சிவந்திருந்தது. கத்தரியைத் தூக்கிப் பிடித்து, "யாரோடது இது? யார் கொண்டுவந்தது?" என்றார். குரல் அடங்கித்தான் இருந்தது. ஆனால் மைக் அதையும் விழுங்கி ஊருக்கே துப்பியது.

தெரு மொத்தமும் டெய்லரைத் திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் பார்த்தார், சைக்கிள் கடைக்காரர் பார்த்தார், பால்காரர் பார்த்தார். காலையில் வாய் கிழியச் சொன்னவர் இதோ நிற்கிறார்.

காஜாக்காரர் விலாவில் இடித்தார். "சொல்லுங்க மாஸ்டர். கையைத் தூக்குங்க."

கையைத் தூக்குவதற்குப் பதிலாக டெய்லரின் இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"நான்தான் சார்" என்றான் மகன். "என் பொறுப்புதான். சரியா பார்க்காம வச்சிட்டேன். மன்னிச்சிடுங்க சார்."

தலைமை எஞ்சினியர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கத்தரியைத் தட்டில் போட்டார். சத்தம் வந்தது. அவர் அமைச்சரோடு நடந்தார். திரையை இழுத்தார்கள். அது சிக்காமல் விலகியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கயிற்றை அவிழ்த்ததும் ஊர் பாலத்தின் மேல் பாய்ந்தது. குழந்தைகள் ஓடினார்கள், சைக்கிள் மணிகள் அடித்தன. டெய்லர் கடைசி ஆளாக, ஓரமாக நடந்தார். அவரைத் தாண்டிப் போன ஒருவன் யாரிடமோ, "கத்தரி வாங்கக்கூட துப்பில்லாத எஞ்சினியராம்யா" என்று சிரித்துக்கொண்டே போனான். அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. நிறுத்தி என்ன சொல்வது?

காஜாக்காரர் விடவில்லை. பின்னாலேயே வந்தார். "இத்தனை வருஷமா உங்ககிட்ட வேலை பாக்கறேன். நீங்க வாயை மூடி இன்னிக்குத்தான் பார்த்தேன். மூட வேண்டிய நேரமா அது?"

"போய்யா."

"போறேன். ஆனா நாளைக்குக் கடைக்கு வந்து, அந்தப் பையன் முகத்தைப் பார்த்து எப்படி காஜா எடுக்கறதுன்னு தெரியல எனக்கு."

பாலத்தின் நடுவே மகன் கைப்பிடிச் சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருந்தான். தட்டு காலடியில். டெய்லர் அருகே போனார். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தார்.

"துணியை எடுத்ததுமே தெரிஞ்சிடுச்சுப்பா" என்றான் அவன், ஆற்றைப் பார்த்துக்கொண்டே. "சின்ன வயசுல உங்களுக்குத் தெரியாம அதுல காகிதம் வெட்டிப் பார்த்திருக்கேன். என் கையில ஒரு தடவைகூட வெட்டினதில்ல."

"தெரிஞ்சும் ஏன்டா கொடுத்த?"

"அமைச்சர் கை நீட்டிட்டாரு. அந்த இடத்துல என்ன பண்ண முடியும்?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே. எங்கப்பன்தான் மாத்தி வச்சான்னு."

மகன் திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "மைக் ஆன்ல இருந்துச்சுப்பா. மொத்தத் தெருவும் நின்னுட்டிருந்துச்சு. நாளைக்கு நீங்க அங்கதான கடையைத் திறக்கணும்?"

டெய்லர் கூனிக் குறுகிப்போனார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் தன் மானத்தைக் காக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். தான் சபையில் தலைகுனிந்து ஒளிந்துகொண்ட அதே நேரத்தில், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை தன்னுடைய முகத்தைக் கொடுத்து அப்பன் முகத்தை மூடியிருக்கிறான். மேலாற்றுப் பாலத்தையே அதற்குக் கொடுத்திருக்கிறான். இதைவிட அவன் தன்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அக்கரைப் பந்தலில் அதிகாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சரின் கார் போய்விட்டிருந்தது. டெய்லர் தட்டைக் குனிந்து எடுத்தார்.

"எங்கப்பா போறீங்க? வேணாம். விடுங்க."

அவர் கேட்கவில்லை. பந்தலுக்குள் போனார். தெருக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் டீக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அந்த நினைப்புக்கும் வெட்கப்பட்டார்.

"ஐயா" என்றார் தலைமை எஞ்சினியரிடம், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "இந்தக் கத்தரி என்னோடது. டெய்லர் நான், அவனோட அப்பா. அவன் வாங்கிவச்சது நல்ல கத்தரி. அது என் வீட்டு அலமாரியில இருக்கு. மாத்தாதீங்கன்னு சொன்னான். பெருமைக்காக நான்தான் மாத்தினேன்."

"ஏன், இது வெட்டாதா?" என்று கேட்டார் அவர்.

"என் கையில வெட்டுங்க. நொட்டாங்கை எனக்கு. அதுக்குன்னு செஞ்சது. வேற யாருக்கும் வெட்டாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் நின்ற இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். "காலையில அப்படி சொல்லலையே, டெய்லர்!" என்றார் டீக்கடைக்காரர். சிரிப்பு பெரிதானது. டெய்லர் நின்றார். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தவர்களே சிரித்தார்கள். எல்லோருடைய தோளிலும் அந்தச் சட்டை நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது.

தலைமை எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸை மேஜையில் வைத்தார்.

"நான் கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"முன் வரிசையில."

"நான் கேட்டது காதுல விழுந்துதா?"

"விழுந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சுங்க."

"அவனுக்கு இருந்திருக்காதா?"

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கத்தரி வெட்டாததுக்காக யாரையும் வேலையை விட்டு மாத்திட மாட்டேன்" என்றார் தலைமை எஞ்சினியர். "ஆனா அவன் என்கிட்ட பொய் சொல்லியிருக்கான். உங்களுக்காகச் சொன்னான், புரியுது. பாலத்து வேலையில யாருக்காகவும் பொய் சொல்லக் கூடாது. அதை நான் யோசிக்கணும்."

அவர் எழுந்து ஜீப்பை நோக்கிப் போய்விட்டார்.

டெய்லர் நின்ற இடத்திலேயே நின்றார். உண்மையைச் சொல்லிவிட்டால் மகனைக் கழுவிச் சுத்தமாக்கிவிடலாம் என்றுதான் வந்திருந்தார். வந்து, அவன் மேல் இன்னொரு கறையை அல்லவா காட்டிக் கொடுத்துவிட்டார். கவனக்குறைவான பிள்ளை என்று இருந்தது போய், பொய் சொன்ன பிள்ளை என்று ஆகிவிட்டது. கேட்ட நேரத்தில் கையைத் தூக்கியிருந்தால் இரண்டுமே இல்லை.

கூட்டம் கலைந்தது. மகன் பந்தல் காலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். டெய்லரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் ஷூவில் ஒட்டியிருந்த தாரைப் பார்த்தார்.

"கெடுத்துட்டேன்டா. ரெண்டு தடவை கெடுத்துட்டேன்."

மகன் தட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

"காலையிலேர்ந்து எதாவது சாப்பிட்டீங்களாப்பா?"

அவர் தலையை ஆட்டினார். சாப்பிட்டதாகவா, சாப்பிடவில்லை என்றா என்பது அவருக்கே தெரியவில்லை. அப்பனாக அவர்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும். பையன் விடிந்ததும் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போனதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கத்தரிக்கு எண்ணெய் போடும் அவசரத்தில் அதைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.